கால்கரியில் கேம்பர்வேன் புக் செய்பவர்கள் கவனத்துக்கு: "அல்லது அதற்கு இணையான வண்டி"

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் உள்ள கால்கரியில் இறங்கி, ஒரு கேம்பர்வேனை (படுக்கை, அடுப்போடு வருகிற வேன்) வாடகைக்கு எடுத்து, பான்ஃப், ஜாஸ்பர் தேசியப் பூங்காக்கள் பக்கம் குறைந்த செலவில் சுற்றி வரலாம் என்று நினைப்பவர்கள் முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. பணத் தகராறு இன்னும் முழுசாகத் தீரவில்லை. ஆனால் எங்களை ஏமாற்றிய முறையை எந்த வாடகை நிறுவனமும் பின்பற்ற முடியும், அதனால் அதை விவரமாகவே எழுதுகிறேன்.

ஊரிலிருந்து மாமாவும் அத்தையும் வந்திருந்தார்கள். அத்தைக்கு முழங்கால் வலி. ஜூலையில் பான்ஃபில் ஓட்டல் அறை எடுத்தால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. வேன் என்றால் படுக்கையும் அடுப்பும் கூடவே வரும், அத்தைக்கு வேண்டும்போது காலை நீட்டிக்கொள்ளலாம். நாளுக்கு 119 டாலர் என்று ஒரு நிறுவனம் விளம்பரம் போட்டிருந்தது. படத்தில் இருந்தது முழுக்க உலோகச் சுவர் கொண்ட, உள்ளேயே நாலு பேர் படுக்கிற வண்டி. பணம் கட்டும் முன் மெயிலில் இரண்டு கேள்வி கேட்டேன்: படுக்கைகள் எல்லாமே வண்டிக்குள்தானா, துணிக் கூடாரம் எதுவும் இல்லையே? "ஆமாம், படத்தில் உள்ள அதே மாடல்தான்" என்று பதில் வந்தது. அதை நம்பித்தான் பான்ஃப் பூங்காவுக்குள் இருக்கிற லேக் லூயிஸில் கேம்ப்கிரவுண்டும் புக் செய்தோம்.

கவுண்டரில் எங்களுக்காக நின்றது வேறு வண்டி. சாதாரண மினிவேன், பின்னால் இருவர் படுக்கிற பலகை, கூரை மேல் மடித்துக் கட்டிய கூடாரம், அதற்கு ஓர் அலுமினிய ஏணி. நாங்கள் புக் செய்த வண்டி இது இல்லையே என்றால், அது சர்வீஸுக்குப் போயிருக்கிறது, இதிலும் நாலு பேர் படுக்கலாம், ஒப்பந்தத்தில் "அல்லது அதற்கு இணையான வண்டி" என்று இருக்கிறது என்கிறார் கவுண்டரில் இருந்த ஆள். வேண்டாம் என்றால்? புறப்படும் நாளன்று ரத்து செய்தால் ஒரு டாலர்கூடத் திரும்ப வராது. கால்கரியில் ஜூலை மாதம் அந்த நேரத்தில் வேறு வேன் கிடைக்காது என்று அவருக்கும் தெரியும்.

அத்தை ஏணியைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, நான் கீழேயே படுத்துக்கிறேன், நீங்க இதுக்காக மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க" என்றார். கீழே இருக்கிற பலகையில் அவரும் மாமாவும், மேலே நானும் மனைவியும் என்று முடிவு செய்து கிளம்பினோம்.

மற்ற இடங்களில் இது அசௌகரியத்தோடு போயிருக்கும். இந்த மலைப் பூங்காக்களில் உங்கள் வண்டி எந்த வகை என்பதுதான் நீங்கள் இரவு எங்கே தங்கலாம் என்பதையே தீர்மானிக்கிறது. லேக் லூயிஸ் கேம்ப்கிரவுண்ட் இரண்டு பகுதி. ஒன்று கெட்டிச் சுவர் வண்டிகளுக்கு மட்டும். கூடாரத்துக்கு அங்கே அனுமதி கிடையாது, கூரை மேல் கட்டியதும் கூடாரம்தான். மற்றொன்று கூடாரங்களுக்கானது, அதைச் சுற்றி மின்வேலி போட்டிருக்கிறார்கள். காரணம் கரடி. அந்தப் பள்ளத்தாக்கு கிரிஸ்லி கரடிகள் நடமாடும் இடம், துணிச் சுவருக்குள் தூங்குகிறவர்களை வேலிக்குள்தான் வைக்கிறார்கள். நாங்கள் புக் செய்திருந்தது முதல் பகுதி. வாசலில் இருந்த பெண் வண்டியின் கூரையைப் பார்த்ததுமே தலையை ஆட்டிவிட்டார். கூடாரப் பகுதியில் இடம் இருக்கிறதா என்று எங்களுக்காகத் தேடியும் பார்த்தார். நிரம்பியிருந்தது. அவர் மேல் எங்களுக்குத் துளிகூட வருத்தம் இல்லை, அவர் சொன்ன விதி சரியான விதி.

அந்த நேரத்தில்தான் வாடகை ஆள் கவுண்டரில் சொன்னது ஞாபகம் வந்தது. "இடம் கிடைக்காவிட்டால் ஏதாவது பார்க்கிங்கில் ஒதுங்குங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்." தயவுசெய்து இதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தேசியப் பூங்காவுக்குள் சாலையோரத்திலோ, நடைபாதை தொடங்கும் இடத்து பார்க்கிங்கிலோ வண்டியில் இரவு தங்குவது சட்டவிரோதம். வழக்கு என்று போனால் உச்சபட்ச அபராதம் 25,000 டாலர். இதை ஒரு யோசனையாகச் சொல்லி அனுப்புகிற நிறுவனம் அந்த அபராதத்தைக் கட்டப்போவதில்லை.

எனவே இருட்டுகிற நேரத்தில் யோஹோ பூங்காவைத் தாண்டி, பூங்கா எல்லைக்கு வெளியே இருக்கிற கோல்டன் ஊருக்கு ஓட்டினோம். சுமார் 80 கிலோமீட்டர். கிக்கிங் ஹார்ஸ் கணவாய் வழியாக லாரிகளுக்கு நடுவே இறங்குகிற சாலை, பின்சீட்டில் மாமா மௌனமாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே வந்தார். கோல்டனில் ஒரு தனியார் கேம்ப்கிரவுண்டில் இடம் கிடைத்தது. அதற்குத் தனிக் கட்டணம். மறுநாள் அதே தூரம் திரும்ப வேண்டும். அந்த 160 கிலோமீட்டருக்கும் எங்களிடம்தான் காசு வாங்கினார்கள்.

கிலோமீட்டர் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 119 டாலர் என்ற விலைக்குள் ஒரு நாளைக்கு 100 கி.மீ. மட்டுமே அடக்கம், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 40 சென்ட். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இப்போது வரைபடத்தைப் பாருங்கள். கால்கரியிலிருந்து லேக் லூயிஸ் ஏறத்தாழ 185 கி.மீ. அங்கிருந்து ஜாஸ்பர் வரை ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே என்ற மலைச்சாலை 230 கி.மீ. போய்த் திரும்பினாலே 830. ஜாஸ்பர் ஊரிலிருந்து மலீன் ஏரிக்குப் போய்வர இன்னொரு நூறு. யோஹோ, பான்ஃப் ஊர் என்று சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும். ஏழு நாளைக்கு எடுத்தாலும் உங்களுக்கு உள்ளது 700தான். எந்தக் குடும்பம் போனாலும் இந்தப் பாதையில் மிகுதிக் கட்டணம் விழும், அது தெரிந்தேதான் 100 என்று வைக்கிறார்கள். இதற்கு மேல் சமையல் பாத்திரம், போர்வை, "தயாரிப்புக் கட்டணம்" என்று தனித்தனித் தொகைகள், எல்லாவற்றின் மீதும் 5 சதவீத ஜிஎஸ்டி. ஆல்பர்ட்டாவில் மாகாண விற்பனை வரி கிடையாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

அப்புறம் அந்தக் கதவு. பின்கதவின் பூட்டு சரியாகக் கொக்கியில் விழவில்லை. ஓங்கி அடித்தால் மூடியது போல நிற்கும், கையால் இழுத்தால் வந்துவிடும். உட்பக்கமாக யாரோ ஏற்கெனவே ஒரு ரப்பர் கயிற்றைப் போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள், கயிற்றின் முனை தேய்ந்து நூல் நூலாகப் பிரிந்திருந்தது. அதாவது நிறுவனத்துக்கு இது புதிய விஷயம் இல்லை. பூங்காவில் ஐஸ்பெட்டி, பாத்திரம், எண்ணெய், பற்பசைகூட வெளியே வைக்கக் கூடாது. வாசனை உள்ள எல்லாவற்றையும் வண்டிக்குள் பூட்டி வைக்க வேண்டும் என்பது விதி. பூட்டவே முடியாத வண்டியில் சாப்பாட்டையும் வயதானவர்களையும் வைத்துக்கொண்டு இரவைக் கழிப்பது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இந்தப் பயணத்தில் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது இதில்தான். பணம் போனால் சம்பாதிக்கலாம்.

உதவிக்கு அவர்கள் தந்தது ஒரு போன் நம்பர். ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வேயின் பெரும்பகுதியில் சிக்னல் கிடையாது. வழியில் பெட்ரோல் கிடைக்கிற ஒரே இடம் சாஸ்காட்செவன் ரிவர் கிராசிங், விலையும் அதிகம், குளிர்காலத்தில் அதுவும் மூடிவிடும். லேக் லூயிஸிலோ ஜாஸ்பரிலோ டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். ஹீட்டர் உண்டு என்று விளம்பரத்தில் இருந்தது, வந்த வண்டியில் இல்லை. லேக் லூயிஸ் பக்கம் ஜூலையில்கூட இரவில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கலாம். ஜாஸ்பரில் அத்தைக்கு ஒரு கனமான போர்வை வாங்கினோம்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது அடுத்த அடி. முன்கண்ணாடியில், ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டுக்கு எதிரே, ஒரு நாணய அளவுக்கு நட்சத்திர வடிவ விரிசல். வண்டியை எடுக்கும்போதே இருந்தது. நான் சுட்டிக்காட்டியபோது, "அது எங்களுக்குத் தெரியும், எழுத வேண்டியதில்லை" என்று படிவத்தில் குறிக்காமல் விட்டார் அந்த ஆள். திரும்பும்போது கவுண்டரில் வேறொருவர். கண்ணாடிக்கு 650 டாலர், சுத்தம் செய்ய 150 டாலர், இரண்டும் டெபாசிட்டில் பிடித்தம். ஆல்பர்ட்டா நெடுஞ்சாலைகளில் கல் தெறித்துக் கண்ணாடி விரிவது சாதாரணம், அதனால்தான் அடிப்படைக் காப்பீட்டில் கண்ணாடி, டயர், கூரை, அடிப்பாகம் நான்கையும் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. ஒரே விரிசலுக்கு எத்தனை குடும்பங்களிடம் வாங்கியிருப்பார்களோ.

நல்லவேளையாக, வண்டியைத் தொடும் முன்பே மனைவி நாலு பக்கமும் வீடியோ எடுத்திருந்தார். விரிசல் அதில் தெளிவாக இருக்கிறது, தேதியும் நேரமும் இருக்கிறது. அந்த வீடியோ, மாடலை உறுதி செய்த மெயில், விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், கோல்டன் ரசீது எல்லாவற்றையும் வைத்து கிரெடிட் கார்டு வங்கியில் சார்ஜ்பேக் (பிடித்த பணத்தை வங்கி மூலம் திரும்பப் பெறுவது) கேட்டோம். கண்ணாடிப் பணமும் சுத்தம் செய்த பணமும் திரும்பி வந்துவிட்டன. வேறு வண்டி கொடுத்ததற்கான பகுதியை நிறுவனம் எதிர்த்திருக்கிறது, "இணையான வண்டி" என்ற வாசகத்தைக் காட்டி. ஆல்பர்ட்டாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளைப் பற்றித் தவறான தகவல் தந்து விற்பது நியாயமற்ற வணிக நடைமுறை. மாகாண அரசின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம்.

பணம் கட்டும் முன் இவற்றை எழுத்தில் வாங்குங்கள். மாற்று வண்டி தந்தால் அதுவும் கெட்டிச் சுவர் வண்டியாகவே இருக்கும், இல்லையென்றால் முழுப்பணமும் திரும்பக் கிடைக்கும் என்ற ஒரு வரி. நீங்கள் ஓட்டப்போகிற மொத்தக் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆகும் என்ற கணக்கு. டெபாசிட் தொகை உங்கள் கிரெடிட் கார்டில் நிறுத்தி மட்டும் வைக்கப்படுகிறதா, நிஜமாகவே எடுக்கப்படுகிறதா. தீ காரணமாகப் பூங்கா மூடினால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். 2024 ஜூலையில் ஜாஸ்பர் ஊரையே காலி செய்ய வேண்டியிருந்தது, ஊரின் மூன்றில் ஒரு பங்கு கட்டடங்கள் எரிந்துபோயின. எங்கள் ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பழைய பழுது எதுவாக இருந்தாலும் படிவத்தில் எழுதாமல் சாவியை வாங்காதீர்கள்.

இன்னொரு அடையாளமும் உண்டு. அந்த நிறுவனத்தின் முகப்புப் படத்தில், லேக் லூயிஸுக்குப் பக்கத்து மொரெய்ன் ஏரிக்கரையில் விடியற்காலையில் அவர்கள் வேன் நிற்கிறது. 2023 முதல் மொரெய்ன் ஏரிச் சாலையில், மாற்றுத்திறனாளி பார்க்கிங் அட்டை உள்ளவை தவிர, தனியார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. மற்றவர்கள் பார்க்ஸ் கனடா (தேசியப் பூங்காக்களை நடத்தும் அரசு அமைப்பு) விடுகிற ஷட்டில் பஸ்ஸிலோ, பொதுப் பேருந்திலோ, அனுமதி பெற்ற சுற்றுலா வண்டியிலோதான் போக வேண்டும். நடக்காத ஒன்றைப் படம் போட்டு விற்கிறவர்கள் மற்றதை மட்டும் எப்படி உண்மையாகச் சொல்வார்கள்?

வயதானவர்களோடு போகிறவர்களுக்கு, வேனே வேண்டுமா என்று யோசிக்கச் சொல்வேன். பான்ஃபில் டன்னல் மவுண்டன், டூ ஜாக், ஜாஸ்பரில் விஸ்லர்ஸ் ஆகிய கேம்ப்கிரவுண்டுகளில் பார்க்ஸ் கனடாவே ஓடென்டிக் என்ற கூடார வீடுகளை வாடகைக்கு விடுகிறது. தரை, கட்டில், மெத்தை எல்லாம் உண்டு, ஏணி ஏற வேண்டாம், ஆறு பேர் வரை தங்கலாம். சாதாரண கார் ஒன்றை எடுத்தால் போதும், கணக்குப் போட்டால் எங்களுக்கு ஆன செலவைவிடக் குறைவாகவே வருகிறது. ஆனால் கோடைக்கான புக்கிங் ஆண்டின் தொடக்கத்திலேயே திறக்கும், நல்ல தேதிகள் சீக்கிரம் போய்விடும்.

ஏற்கெனவே வேன் புக் செய்துவிட்டவர்கள் இன்றே நிறுவனத்துக்கு மெயில் போட்டு, வரப்போகிற வண்டியில் துணிப் பகுதி உண்டா இல்லையா என்று நேரடியாகக் கேளுங்கள். உண்டு என்றாலோ, மழுப்பினாலோ, லேக் லூயிஸ் புக்கிங்கைக் கூடாரப் பகுதிக்கு மாற்றப் பாருங்கள். நிரம்பியிருந்தாலும் யாராவது ரத்து செய்தால் இடம் திறக்கும், பார்க்ஸ் கனடா புக்கிங் தளத்தைத் தினமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.