மூன்று அங்குலத் தோட்டா உள்ளே போனால் அது மூன்று அங்குல அறை ஆகிவிடாது

சென்ற பிப்ரவரியில், மத்திய பென்சில்வேனியாவில் எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில், 1,450 டாலர் கொடுத்துப் பழைய 20 கேஜ் (கேஜ் என்பது குழல் விட்டத்தின் அளவு) இரட்டைக்குழல் ஷாட்கன் ஒன்றை வாங்கினேன். அதன் தோட்டா அறை, அதாவது குழலின் அடியில் தோட்டா அமரும் பகுதி, மூன்று அங்குல நீளம் கொண்டது என்று சொல்லி விற்றார்கள். உண்மையில் அது 2¾ அங்குலம். அந்தக் கால் அங்குலத்தின் பொருளை அறியாமல் நான்கு கனமான வான்கோழித் தோட்டாக்களை அதில் வெடித்திருக்கிறேன் என்பதையும், என் கன்னம் குழலிலிருந்து ஒரு சாண் தொலைவில் இருந்தது என்பதையும் நினைக்கும்போது இன்றும் உறக்கம் கெடுகிறது. இலகுவான துப்பாக்கி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கும் எவருக்கும் இது நேரக்கூடும் என்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் உரிய இடத்தில் இருக்கிறது.

இலகுவான துப்பாக்கி எனக்கு ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்தத் தேவையைத்தான் விற்பவர் நன்றாகப் பிடித்துக்கொண்டார். இலையுதிர் காலத்தில் நான் கிரௌஸ், உட்காக், ஃபெசன்ட் ஆகிய பறவைகளைத் தேடி நாள் முழுக்க நடப்பவன். மரம் வெட்டிய பின் மீண்டும் அடர்ந்து எழும் இளங்காட்டுக்குள், இரு கைகளிலும் துப்பாக்கியை ஏந்தியபடி ஏழெட்டு மைல் நடந்தால், ஏழரைப் பவுண்டுக்கும் ஐந்தே முக்கால் பவுண்டுக்கும் உள்ள வேறுபாடு பிற்பகலில் தோளுக்குத் தெரியும். கிரௌஸ் காலடியில் இருந்து இடிபோல் எழும்பி, இரண்டு நொடிக்குள் மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். களைத்த கை துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்துவதற்குள் காடு வெறுமையாகிவிடும். வசந்தத்தில் வான்கோழி வேட்டையோ முற்றிலும் வேறானது. மரத்தில் சாய்ந்து அசையாமல் உட்கார்ந்து, கூவி அழைத்து, முப்பது நாற்பது கஜத்தில் நிற்கும் சேவலின் தலையையும் கழுத்தையும் ஒரே முறை சுட வேண்டும். முன்னதற்கு விரிந்து பரவும் ரவையும் (தோட்டாவில் அடைத்திருக்கும் சிறு உலோகக் குண்டுகள்), பின்னதற்கு இறுகிச் செல்லும் ரவையும் வேண்டும். இரண்டையும் ஒரே துப்பாக்கியால் செய்ய வேண்டுமென்றால், ரவை எவ்வளவு பரவ வேண்டும் என்பதைத் தீர்மானிக்க, குழல் வாயில் மாற்றிப் பொருத்தக்கூடிய சோக்குகள் எனும் குறுக்கிகளும், நீண்ட தோட்டாவை ஏற்கும் அறையும் இருந்தாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்புவரை வான்கோழிக்கு, 20-ஐவிடப் பெரிய குழலுள்ள 12 கேஜ்தான் என்பார்கள். டங்ஸ்டன் ரவை வந்த பிறகு அந்தப் பேச்சு மாறிவிட்டது. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 11 கிராம் என்றால், வேட்டையாளர்கள் டி.எஸ்.எஸ். என்று அழைக்கும் டங்ஸ்டன் ரவையின் அடர்த்தி 18 கிராம். ஆகவே ஒன்பதாம் எண் என்ற மிகச் சிறிய ரவையே, அதைவிடப் பெரிய ஐந்தாம் எண் ஈய ரவைக்கு ஈடாக ஊடுருவுகிறது. அத்தகைய ரவை ஒரு அவுன்சில் 360-க்கும் மேல் அடங்கும். ஒன்றரை அவுன்ஸ் அடைத்த மூன்று அங்குல 20 கேஜ் தோட்டா ஒன்றில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரவைகள் இருக்கும். இதனால்தான் இலகுவான 20 கேஜை இரு வேட்டைக்கும் வாங்க இன்று பலர் விரும்புகிறார்கள், இதனால்தான் பழைய 20 கேஜ் துப்பாக்கிகளை "வான்கோழிக்கும் ஆகும்" என்று சொல்லி விற்பதில் கடைக்காரர்களுக்கு ஆதாயம் இருக்கிறது.

நான் பார்த்தது இத்தாலியில் செய்த, ஒரு குழலின் மேல் மற்றொன்று அமைந்த துப்பாக்கி. நடுவுடல் அலுமினியக் கலவையால் ஆனது, கட்டை நல்ல வால்நட் மரம். அதில் கட்டியிருந்த அட்டையில் 20 கேஜ், மூன்று அங்குலம், மாற்றும் சோக்குகள், ஐந்து பவுண்டு பதினோரு அவுன்ஸ் என்று கையால் எழுதியிருந்தது. எடை உண்மை. வீட்டில் நிறுத்துப் பார்த்தபோதும் அதே எடைதான் வந்தது. பத்து ஆண்டுப் பழையது, ஒரே ஒருவர் வைத்திருந்தது என்றார் விற்பவர். அறையின் நீளத்தைக் குழலில் எங்கே பொறித்திருக்கிறது என்று கேட்டேன். குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரப்பகுதியான முன்கட்டையைக் கழற்றினால் அதன் இறுக்கம் கெடும் என்று சொன்ன அவர், அதற்குப் பதிலாக ஒரு செயல் செய்து காட்டினார். மூன்று அங்குலத் தோட்டா ஒன்றை எடுத்து அறைக்குள் இட்டு, துப்பாக்கியை மூடி, "பாருங்கள், எவ்வளவு எளிதாக மூடுகிறது, இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்" என்றார். நானும் ஏற்றுக்கொண்டேன். தோட்டா கண்முன்னே உள்ளே போகிறது, துப்பாக்கி மூடுகிறது. அந்த நேரத்தில் அதுவே போதிய சான்றாகத் தோன்றியது.

அது சான்றே அல்ல. ஷாட்கன் தோட்டாவின் நீளம் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது, அது வெடித்த பின் அதன் வாய் மடிப்பு விரிந்து நிற்கும் நீளம். வெடிக்காத தோட்டாவின் நுனி உட்பக்கமாக மடிந்திருப்பதால், மூன்று அங்குலத் தோட்டா உண்மையில் அதைவிடக் குறுகியதாகவே இருக்கும், 2¾ அங்குல அறைக்குள்ளும் தடையின்றிப் போய் அமரும். வெடிக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அறை முடிந்து குழல் கூம்பாகக் குறுகும் இடத்தில் அந்த மடிப்பு விரிய இடமில்லாமல் பிதுங்கி நிற்கிறது, ரவையும் அதைத் தள்ளும் அடைப்பானும் அந்த நெரிசலைக் கடந்து போக வேண்டியிருக்கிறது, அழுத்தம் ஏறுகிறது. 20 கேஜுக்கு அமெரிக்கத் தொழில் தரம் வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 12,000 பவுண்டு. சரியான அறையிலேயே அந்த எல்லையை ஒட்டி வேலை செய்யும் தோட்டாவைக் குறுகிய அறையில் வெடிப்பது, எல்லைக்கு அப்பால் எவ்வளவு தூரம் என்று தெரியாமல் வெடிப்பதாகும். துப்பாக்கி விற்றுப் பிழைக்கும் ஒருவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்துகொண்டே செய்து காட்டினார் என்றுதான் நான் நம்புகிறேன்.

மார்ச் மாதத்தில், ரவைப் பரவலைச் சோதிக்க எங்கள் ஊர்ச் சுடுதளத்துக்குப் போனேன். நாற்பது கஜத்தில் பெரிய காகிதம் விரித்து, பத்து அங்குல வட்டத்துக்குள் நூறு ரவையாவது விழுகிறதா என்று எண்ணுவது வான்கோழி வேட்டையாளர்களின் வழக்கம். கீழ்க்குழலில் இரண்டு, மேல்குழலில் இரண்டு என நான்கு முறை சுட்டேன். உதை தாங்க முடியாததாக இருந்தது. இலகுவான துப்பாக்கியில் கனமான தோட்டா அப்படித்தான் உதைக்கும் என்று எண்ணிக்கொண்டேன், அந்த எண்ணத்தில் பாதி உண்மையும் இருந்ததால்தான் ஐயம் எழவில்லை. கீழ்க்குழலின் ரவைக் கூட்டம் குறிக்கு வலப்புறம் எட்டு அங்குலம் விலகி விழுந்திருந்தது. அருகில் சுட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், தரையில் கிடந்த என் தோட்டாக் கூட்டை எடுத்துப் பார்த்தார். அதன் வாய் விளிம்பு ஒழுங்காக விரிந்திராமல், கிழிந்து நார்நாராக இருந்தது. அவர் அதை என் கையில் கொடுத்து, இனி ஒரு தோட்டாவும் இதில் போடாதீர்கள், முதலில் அறையை அளந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னார். அவருக்கு நான் பட்ட கடன் பெரியது.

மறுநாள் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் கன்ஸ்மித் ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். அவர் முன்கட்டையைக் கழற்ற அரை நிமிடம்கூட ஆகவில்லை, எந்த இறுக்கமும் கெடவில்லை. குழலின் அடிப்பகுதியில் எல்லாமே பொறித்திருந்தது. இத்தாலியத் துப்பாக்கிகளை கார்தோனே வால் த்ரோம்பியா என்ற ஊரில் உள்ள அரசுச் சோதனைக் கூடத்தில் சோதித்து முத்திரையிடுவார்கள். அங்கே 20/70 என்று தெளிவாக இருந்தது. 20 என்பது கேஜ், 70 என்பது அறையின் நீளம் மில்லிமீட்டரில், அதாவது 2¾ அங்குலம். மூன்று அங்குல அறையாக இருந்திருந்தால் 76 என்று இருந்திருக்கும். ஒரு சிறு கட்டத்துக்குள் இருந்த இரண்டு எழுத்துகள் சோதித்த ஆண்டைக் குறிப்பவை. அவற்றின்படி அந்தத் துப்பாக்கி 1980-களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. பத்து ஆண்டுப் பழையது என்பதும் பொய்.

அதைவிட மோசமானதை அவர் அடுத்துக் காட்டினார். ஒரு குழலில் ஒரு நட்சத்திரக் குறியும் மற்றதில் மூன்றும் இருந்தன. இத்தாலிய வழக்கில் ஒரு நட்சத்திரம் முழு இறுக்கமான சோக், மூன்று நட்சத்திரம் நடுத்தரச் சோக். அதாவது தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது இந்தக் குழல்களின் சோக் மாற்ற முடியாதபடி குழலோடு சேர்ந்தே இருந்தது. பின்னாளில் யாரோ அதைக் குடைந்து நீக்கி, திருகு வெட்டி, மாற்றும் சோக்குகளைப் பொருத்தியிருக்கிறார்கள். இலகுவான துப்பாக்கி இலகுவாக இருப்பதற்குக் குழல் சுவர் மெல்லியதாக இருப்பதும் ஒரு காரணம். அந்தச் சுவரில் திருகு வெட்டினால் மிஞ்சுவது தகடு போன்ற உலோகம். கீழ்க்குழலில் திருகைக் கோணலாக வெட்டியிருந்ததால் ரவை வலப்பக்கம் விலகியது. அவர் என் விரலைப் பிடித்துக் குழல் வாய்க்குச் சற்றுக் கீழே மெதுவாக நகர்த்தினார். ஒரு மெல்லிய வளையம் போல உலோகம் புடைத்திருப்பதை உணர்ந்தேன். ஈயத்தைவிட மிகக் கடினமான டங்ஸ்டன் ரவையை அந்த இடம் தாங்கவில்லை. ஐந்தாவது தோட்டாவில் பிளந்திருக்கலாம் என்றார்.

கடைக்குத் திரும்பிச் சென்றேன். பழைய துப்பாக்கியை உள்ளது உள்ளபடியே விற்பதுதான் தங்கள் வழக்கம் என்றும், துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் கூட்டாட்சி அரசின் 4473 படிவத்தில் கையெழுத்திட்டு, பின்னணிச் சரிபார்ப்பு முடிந்து, கடையை விட்டு வெளியே சென்ற துப்பாக்கியைத் திரும்ப வாங்குவதில்லை என்றும் சொன்னார்கள். மூன்று அங்குலம் என்று யாரும் சொல்லவில்லை என்றார் அதே விற்பனையாளர். ரசீதில் பெயர், வரிசை எண், 20 கேஜ் என்பவை மட்டுமே இருந்தன, அறையின் நீளம் இல்லை. நல்லவேளையாக, வாங்கும் முன் மனைவிக்குக் காட்டுவதற்காகத் துப்பாக்கியை அட்டையோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். அந்த ஒரு படம்தான் இப்போது என் பக்கம் நிற்கிறது. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் அதையும் கன்ஸ்மித்தின் எழுத்துபூர்வ அறிக்கையையும் இணைத்துப் புகார் அளித்தேன். மாவட்ட மாஜிஸ்டீரியல் நீதிமன்றத்திலும் வழக்குத் தொடர்ந்திருக்கிறேன். பென்சில்வேனியாவில் 12,000 டாலர் வரையிலான வழக்குகளை வழக்கறிஞர் இல்லாமலே அங்கே கொண்டுபோகலாம். வழக்குப் பதிவான பிறகு, 700 டாலருக்குக் கடையிலேயே வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொல்லி அழைப்பு வந்தது. மறுத்துவிட்டேன்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே குழலைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இரட்டைக்குழல் துப்பாக்கி கழற்றுவதற்காகவே செய்யப்பட்டது, கழற்ற மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். அறை நீளத்தை முத்திரையில் படியுங்கள், பிறகு அளவியால் அளக்கச் சொல்லுங்கள், ஏனெனில் பழைய அறையைப் பிற்பாடு குடைந்து நீட்டியிருப்பதும் உண்டு, அதற்குச் சோதனை முத்திரை பொறுப்பேற்காது. நட்சத்திரக் குறியும் மாற்றும் சோக்கும் ஒரே குழலில் சேர்ந்து இருந்தால், திருகு வெட்டியது யார், சுவர் கனம் எவ்வளவு என்று கேளுங்கள். அறை நீளத்தை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

எடையைப் பற்றியும் என் கருத்து மாறியிருக்கிறது. ஐந்தே முக்கால் பவுண்டுத் துப்பாக்கியில் ⅞ அவுன்ஸ் ஈயத் தோட்டாவைச் சுட்டால் வரும் உதையோடு ஒப்பிட்டால், ஒன்றரை அவுன்ஸ் வான்கோழித் தோட்டாவின் உதை இரண்டு மடங்குக்கும் மேல். கிரௌஸ் காட்டில் நாள் முழுக்க மகிழ்ச்சி தரும் எடை, வான்கோழித் தோட்டாவை ஏற்றியதும் சுடுபவரை விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூட வைக்கிறது. இரு வேட்டைக்கும் ஒரே துப்பாக்கி என்றால் ஆறேகால் பவுண்டு அளவில், வெடிவாயுவால் இயங்கும் 20 கேஜ் அரைத்தானியங்கி உதையைக் குறைத்துத் தரும். நான் இப்போது இரவல் வாங்கி வைத்திருப்பது அத்தகையதுதான். ஏப்ரல் இறுதி முதல் அதைத்தான் எடுத்துச் சென்றேன்.

பணி விசாவில் இங்கிருக்கும் நம்மவர்களுக்கு ஒரு சொல். குடியேற்ற உரிமை இல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. உரிமம் கையில் இல்லாதவரிடமும் ஒன்றும் ஆகாது என்று விற்பனையாளர் சொல்லலாம், ஆனால் படிவத்தில் கையெழுத்திடுபவரும் பின்னர் பதில் சொல்லப்போகிறவரும் நீங்கள்தான்.

அந்தத் துப்பாக்கி இப்போது குழல் வேறு, கட்டை வேறாகப் பூட்டிய பெட்டியில் இருக்கிறது, "சுடக்கூடாது" என்று கன்ஸ்மித் எழுதிய சீட்டு அதில் தொங்குகிறது. விசாரணை அடுத்த மாதம். சென்ற வாரம் அந்தக் கடைப் பக்கம் போன நண்பர், அதே கையெழுத்தில், அதே மூன்று அங்குலம் என்ற சொற்களோடு, வேறொரு பழைய இத்தாலிய 20 கேஜில் அட்டை கட்டியிருப்பதைப் பார்த்து வந்திருக்கிறார். கையால் எழுதிய அத்தகைய அட்டையை நம்பி இலகுவான இரட்டைக்குழல் வாங்கியவர்கள், அடுத்த தோட்டாவைப் போடும் முன் முன்கட்டையைக் கழற்றி, குழலின் அடியில் 70 என்றிருக்கிறதா 76 என்றிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.