ஃபீனால் உணரிக்கு எந்த நொதி: டைரோசினேஸா, லாக்கேஸா, பெராக்சிடேஸா?

ஃபீனால் உணரி என்பது ஃபீனால் எவ்வளவு இருக்கிறது என்பதை மின்னோட்டமாகக் காட்டும் மின்முனை. நொதியே இல்லாத கார்பன் மின்முனையிலும் ஃபீனாலை அளக்கலாம். அதற்கு +0.7 வோல்ட் அளவுக்கு ஏற்ற வேண்டும். அங்கே பிறக்கும் ரேடிக்கல்கள் (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட துடிப்பான துண்டுகள்) ஒன்றோடொன்று பிணைந்து, மின்சாரம் கடத்தாத படலமாக மேற்பரப்பை மூடிவிடும். மூன்றாவது அளவீட்டுக்குள் மின்னோட்டம் படுத்துவிடும். நொதி பூசினால் சுழியத்தை ஒட்டிய மின்னழுத்தத்திலேயே வேலை முடியும். எந்த நொதி என்பதை மாதிரியில் இருக்கும் ஃபீனாலின் வகையும், பஃபரில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசலில்) இருக்கும் உப்பும் தீர்மானிக்கும்.

சாதாரண ஃபீனால், பாரா-கிரெசால், 4-குளோரோஃபீனால் என்றால் டைரோசினேஸ்தான். காளானிலிருந்து எடுக்கப்படும் இந்த நொதி ஃபீனாலைக் கேட்டகாலாகவும், கேட்டகாலை ஆர்த்தோ-குயினோனாகவும் மாற்றும். மின்னழுத்தத்தை ஒப்பிட வைக்கும் வெள்ளி/வெள்ளி குளோரைடு குறிப்பு மின்முனைக்கு எதிராக −0.1 முதல் −0.2 வோல்ட் வைத்தால் குயினோன் மீண்டும் கேட்டகாலாகி நொதியிடமே திரும்பும். ஒரே மூலக்கூறு பலமுறை சுற்றுவதால் சமிக்ஞை பெருகுகிறது. இந்தப் பெருக்கம்தான் டைரோசினேஸின் பலம். பலவீனமும் அதே இடத்தில்தான்: சுழற்சியின்போது நொதி தன்னைத்தானே செயலிழக்கச் செய்துகொள்ளும், குயினோனும் புரதத்தைத் தாக்கும். எனவே நாளின் தொடக்கத்திலும் முடிவிலும் அளவுத்திருத்தம் செய்யாமல் எண்ணை நம்ப வேண்டாம். ஆர்த்தோ இடத்தில் (OH-க்கு அடுத்த கார்பனில்) வேறு குழு உள்ள 2-குளோரோஃபீனால், குவையகால் போன்றவை இதற்குக் கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது.

அந்த இடத்தில் லாக்கேஸ் கைகொடுக்கும். நான்கு தாமிர அணுக்கள் கொண்ட இந்த நொதி, ஆக்சிஜனை நீராக ஒடுக்கிக்கொண்டே ஹைட்ரோகுயினோன், கேட்டகால், மெத்தாக்சி ஃபீனால்கள் எல்லாவற்றையும் ஆக்சிஜனேற்றும். தாவரச் சாறுகளின் பாலிஃபீனாலுக்கு இதுவே என் தேர்வு. சாதாரண ஃபீனாலுக்கு மட்டும் மந்தம். டிராமீட்டிஸ் வெர்சிகலர் பூஞ்சையின் லாக்கேஸுக்கு பி.எச். 4.5–5.5 அசிட்டேட் பஃபர் பொருந்தும்.

பலர் சறுக்குவது குளோரைடில். பழக்கதோஷத்தில் உப்பு கலந்த பாஸ்பேட் பஃபரை எடுத்தால் அதில் சுமார் 137 மில்லிமோலார் சோடியம் குளோரைடு இருக்கும்; லாக்கேஸை அது தடுக்கும், பி.எச்.சும் உகந்ததல்ல. "நொதி செத்துவிட்டது" என்று புதுப் புட்டியைத் திறப்பதற்கு முன் பஃபரைப் பாருங்கள். குறிப்பு மின்முனையிலிருந்து கசியும் பொட்டாசியம் குளோரைடும் சிறிய கலத்தில் தொல்லை தரும். இடையில் இன்னொரு கரைசல் அறை உள்ள இரட்டைச் சந்தி வகை நல்லது. மின்முனைகளை அச்சிட்ட பட்டைகளிலோ இது இடியாப்பச் சிக்கல்: குளோரைடு இல்லாவிட்டால் பட்டையின் வெள்ளிக் குறிப்பு மின்முனை நகரும், இருந்தால் லாக்கேஸ் முடங்கும். டைரோசினேஸுக்கு பி.எச். 6.5-ல் இந்த அவஸ்தை குறைவு.

குதிரை முள்ளங்கிப் பெராக்சிடேஸ் பலவகை ஃபீனால்களை ஏற்கும். ஆனால் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்ற வேண்டும். கூடினால் அதுவே நொதியைக் கெடுக்கும், அடித்தள மின்னோட்டமும் ஏறும். வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

பூச்சு முறை மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே. 3 மி.மீ. கிளாஸி கார்பன் மின்முனையை 0.3, பிறகு 0.05 மைக்ரான் அலுமினாவில் மெருகேற்றி, கழுவி, நொதியும் மாட்டு சீரம் ஆல்புமினும் கலந்த 5 மைக்ரோலிட்டர் துளியை வையுங்கள். புரதங்களைப் பிணைக்கும் குளூட்டரால்டிஹைடைத் தாராளமாகச் சேர்த்தால் நொதியின் செயல்திறன் போகும். குறைத்தால் படலம் கழுவிக்கொண்டு போகும். 4 டிகிரியில் மெதுவாக உலரட்டும். சோதிக்க, கலக்கிக்கொண்டிருக்கும் 10 மி.லி. பஃபரில் 1 மில்லிமோலார் கேட்டகால் 20 மைக்ரோலிட்டர் விட்டால் 2 மைக்ரோமோலார் ஆகும். மின்னோட்டம் படிபோல் சட்டென எழுந்து நிற்க வேண்டும். இழுத்து இழுத்து ஏறினால் படலம் தடிமன். நைட்ரஜன் ஊதிவிடாதீர்கள்; பெராக்சிடேஸுக்கு இல்லாவிட்டாலும் மற்ற இரண்டுக்கும் ஆக்சிஜன் வேண்டும்.

அஸ்கார்பிக் அமிலம் உள்ள மாதிரியில் இன்னொரு பொறி. இவ்வளவு தாழ்ந்த மின்னழுத்தத்தில் அது மின்முனையில் ஆக்சிஜனேற்றம் அடையாது. ஆனால் குயினோனை மின்முனைக்கு வருமுன்பே ஒடுக்கிவிடும். எண் குறைத்தே காட்டும். ஆகவே தனியாகப் போட்ட அளவுத்திருத்தக் கோட்டை நம்பாமல், மாதிரியிலேயே தெரிந்த அளவு கேட்டகாலைப் படிப்படியாகச் சேர்த்து அளப்பது பாதுகாப்பு.