சீனச் சிவப்புப் பெட்டி வாங்கி 1,850 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) இழந்தேன், நீங்களும் இழக்காதீர்கள்

சிங்கப்பூரில் பழைய சீனப் பொருள்கள் வாங்குகிற நம்மவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். நேற்று இரவு எனக்குக் கடைசி பதில் வந்தது: “உங்கள் புகார் முடிக்கப்பட்டது.” 1,850 வெள்ளி. கை நடுங்குகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிக்கு அடுத்த மாதம் 80 வயது. என் பிள்ளைகள் இரண்டு பேரும் பாதி நாள் அவர் வீட்டில்தான் வளர்ந்தார்கள். அவருடைய அம்மா சீனாவிலிருந்து வந்தபோது பூவேலை செதுக்கிய சிவப்பு அரக்கு வட்டப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தாராம். வீடு மாறும்போது அது தொலைந்துவிட்டது. அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இரண்டு கையாலும் அளவு காட்டுவார். அப்படி ஒன்றைத் தேடித்தான், கைபேசியில் நேரலையாக ஏலம் விடுகிற ஒரு செயலிக்குள் போனேன். பெயர் போட்டால் பதிவையே தூக்கிவிடுவார்கள், அதனால் போடவில்லை.

விற்றவன் பெட்டியை விளக்கடியில் பிடித்துக்கொண்டு மூடியில் இருந்ததை எனக்கு ஒவ்வொன்றாக விளக்கினான். நடுவில் ‘ஷோ’ என்ற எழுத்து, நீண்ட ஆயுள். அதைச் சுற்றி ஐந்து வௌவால்கள். சீனத்தில் வௌவாலுக்கும் நற்பேற்றுக்கும் ஒரே ஒலி, ‘ஃபூ’. ஐந்து வௌவால் என்றால் ஐந்து பேறுகள்: ஆயுள், செல்வம், உடல்நலம், நல்லொழுக்கத்தில் நாட்டம், கடைசியில் அமைதியான சாவு. சிவப்பைக் குறிக்கும் ‘ஹொங்’ என்ற ஒலி ‘பெரிய’ என்றும் பொருள்படும். ஆகவே சிவப்பு வௌவால் என்றால் பெரும்பேறு. பக்கவாட்டில் பீச் பழங்கள், அதுவும் ஆயுளுக்குத்தான்.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. இவ்வளவு தெரிந்தவன் பொய் சொல்லமாட்டான் என்று நம்பிவிட்டேன். 80 வயது ஆன்ட்டிக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும் என்று கண் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து, “சியென்லுங் பேரரசர் காலம் பிரதர், சூச்சோவில் செதுக்கியது, மூடி ஓரம் கொஞ்சம் பெயர்ந்திருப்பதால்தான் இந்த விலை” என்றான். சியென்லுங் சீனாவை ஆண்டது 1736 முதல் 1795 வரை. அரண்மனைக்குச் சீனாவின் சூச்சோ நகரில் செதுக்கியதும் உண்மை. 1,850 வெள்ளியை அப்போதே அனுப்பினேன்.

பெட்டி வந்தது. பழைய மரச்சாமான் பழுதுபார்க்கும் நண்பர் ஒருவரிடம் காட்டினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொல்லிக்கொடுத்தார். நம் அரக்கு பூச்சியிலிருந்து வருவது. இந்தப் பெட்டிகளுக்கான சீன அரக்கு மரத்துப் பால். மா, முந்திரி, சேராங்கொட்டை குடும்பத்து மரம். அந்தப் பால் பட்டால் தோல் தடித்துப்போகும். அதில் சாதிலிங்கம் என்ற சிவப்புத் தாதுப்பொடி கலந்து மெல்லிசாக ஒரு பூச்சு பூசி, ஈரமும் கதகதப்பும் உள்ள அறையில் இறுகவிட்டு, அதன்மேல் அடுத்த பூச்சு. இப்படி நூறு பூச்சு ஏற்றினாலும் சில மில்லிமீட்டர் கனம்தான் சேரும். அதற்கே மாதக்கணக்கில் ஆகும். அதற்குப் பிறகுதான் கத்தி. அதனால் உண்மையான வேலையில் வெட்டின சுவரில் அடுக்குகள் தெரியும். சில பழைய பெட்டிகளில் ஆழம் தெரிவதற்காகச் சிவப்புக்கு நடுவே ஒரு கறுப்பு இழையும் ஓடும். கையால் வெட்டுவதால் இரண்டு வௌவால்கள் அச்சாக ஒன்றுபோல இருக்காது.

என் பெட்டியில் மூன்று வௌவால்களின் இடச்சிறகில் ஒரே இடத்தில் ஒரே கீறல். பெயர்ந்த ஓரத்தில் அடுக்கே இல்லை, மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்புக் கூழ், நடுவே காற்றுக் குமிழிகள். பள்ளங்களின் அடி கத்தி போன கூர்மை இல்லாமல் வழுவழுவென்று இருந்தது. சூடான ஊசியை அடிப்பாகத்தில் வைத்தார், பிளாஸ்டிக் கருகுகிற வாடை. அச்சில் ஊற்றிய பிசின்!

விற்றவனுக்கு எழுதினேன். முதலில், “மெழுகு பூசியிருக்கிறோம், அப்படித்தான் தெரியும்.” இரண்டு நாள் கழித்து, “சிங்கப்பூர் ஈரக்காற்று பிரதர்.” படங்கள் அனுப்பியதும், “ஊசியால் சுட்டு நீங்களே கெடுத்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது.” பிறகு பதிலே இல்லை. செயலிக்காரர்களிடம் போனால் நான்கு நாள் இயந்திரம்தான் பதில் சொன்னது. ஐந்தாவது நாள் ஒரு ஆள் வந்து, பெட்டியோடு வந்த சான்றிதழில் ‘சியென்லுங் முத்திரை’ என்றுதான் இருக்கிறது, முத்திரை அடியில் இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தத் தொழிலில் ‘முத்திரை’ என்பது வேறு, ‘முத்திரையும் காலமும்’ என்பது வேறு; இரண்டாவது சொன்னால்தான் அந்தப் பேரரசர் காலத்திலேயே செய்தது என்று அர்த்தம். முத்திரையை நேற்றுகூடப் போடலாம். விற்றவன் தன் வாயால் ‘காலம்’ என்று சொன்ன நேரலைப் பதிவைக் கேட்டேன். 7 நாளில் அழித்துவிடுவார்களாம். 1,850 வெள்ளி போய்விட்டது. எனக்கு அது இரண்டு மாதச் சேமிப்பு.

எப்படிச் சோதித்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதையாவது செய்யுங்கள். நேரலையில் வாங்கினால் திரையைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘காலம்’ என்ற சொல்லை எழுத்தில் வாங்குங்கள். பெயர்ந்த ஓரத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். “போன மாதம்தான் சீனாவில் ஒரு குடும்பத்திடமிருந்து வந்தது” என்றால் நம்பாதீர்கள். 1911க்கு முந்தைய பழம்பொருளை வெளியே கொண்டுபோக அங்கே பொதுவாக அனுமதி கிடையாது. சின்னங்களுக்கு அர்த்தம் சொல்கிறவனிடம் அடுக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்று காலை பார்த்தேன், அவன் மறுபடி ஒரு சிவப்புப் பெட்டியைப் பட்டியலில் போட்டிருக்கிறான். ஐந்து வௌவால், இடச்சிறகில் அதே கீறல். இரவு 9 மணிக்கு நேரலையாம்.