பனியன் கம்பெனி ஆபீஸுக்கு எந்த ஜெராக்ஸ் மெஷின்?

திருப்பூரில் ஒரு நடுத்தர பனியன் கம்பெனி ஆபீஸை எடுத்துக்கொள்வோம். சரக்கு விற்றால் ஜிஎஸ்டி விதிப்படி இன்வாய்ஸ் 3 பிரதி வேண்டும்: வாங்குபவருக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, நமக்கு ஒன்று. அதோடு பேக்கிங் லிஸ்ட், சரக்கை வண்டியில் அனுப்ப எடுக்கும் இ-வே பில். எல்லாமே கறுப்பு வெள்ளை. பையர் அனுப்பும் டிசைனுக்குத்தான் கலர் தேவை. ஆனால் பிரிண்ட், ஜெராக்ஸ், ஸ்கேன் மூன்றும் வேண்டும் என்று கடைக்குப் போனால் முதலில் காட்டுவது பாட்டில் மையை ஊற்றி ஓட்டும் இங்க் டேங்க் மெஷின்.

அதிலும் நியாயம் இருக்கிறது. எப்சன் 003 கறுப்பு மை ஒரு பாட்டிலுக்கு 4,500 பக்கம் வரை என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. கரண்ட் போனாலும் இன்வெர்ட்டரில் ஓடும். லேசரில் டோனர் தூளை உருக்கித் தாளில் ஒட்டும் பகுதி சூடேறும்போது நூற்றுக்கணக்கான வாட் இழுக்கும். சின்ன யுபிஎஸ் தாங்காது.

இருந்தாலும் பில் போட லேசர்தான் சரி. மழையில் டிரைவர் ஈரக் கையோடு பில்லை வாங்கினால் 003 போன்ற சாய மையில் அடித்த எழுத்து ஊறிப் பரவும். வழியில் வண்டியை நிறுத்திச் சோதிக்கும்போது வண்டி எண்ணே தெரியாவிட்டால் யாருக்குக் கஷ்டம்? டோனர் உருகி ஒட்டிய பிளாஸ்டிக், தண்ணீருக்கு அசையாது. தீபாவளிக்குப் பூட்டிய கம்பெனி திறக்க நாளானால் இங்க் ஹெட்டில் மை காய்ந்து அடைக்கலாம். லேசருக்கு அந்தத் தொல்லை இல்லை. பில்லிங்குக்குக் கறுப்பு வெள்ளை லேசர், பையரின் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் மேஜைக்குச் சின்ன இங்க் டேங்க் என்று இரண்டாகப் பிரிப்பதே என் யோசனை.

அப்புறம் செகண்ட் ஹேண்ட் பெரிய மெஷின். இதற்கு ஒரே ஒரு பலம், ஏ4 தாளைப் போல் இரு மடங்கு பெரிய ஏ3 கண்ணாடி. நிலப் பத்திரம், பேங்க் பேப்பர் எல்லாம் நீளமானவை, ஏ4 கண்ணாடியில் அடங்காது. பழைய பத்திரத்தை ஏடிஎஃப்பில் (தாளைத் தானாக உள்ளே இழுக்கும் மேல் பகுதி) விட்டு இழுக்கவும் மனசு வராது. அந்த வேலை தினமும் இருந்தால் வாங்கலாம், அதுவும் பக்கத்திலேயே மெக்கானிக் இருந்தால் மட்டும்.

எதை வாங்கினாலும் நம்ம ஊர்ப் பஞ்சுத் தூசி விடாது. கட்டிங் டேபிளுக்குப் பக்கத்தில் வைத்தால் பேப்பர் இழுக்கும் ரோலரில் தூசி படிந்து, தாள் சிக்கும், அல்லது ரோலர் தாளை இழுக்காமல் வெறுமனே சுற்றும். ஏடிஎஃப் வழியாக எடுக்கும் நகலில் மட்டும் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு விழுந்தால் டோனரை மாற்ற வேண்டாம். பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் விரலளவு அகலத்தில் இன்னொரு கண்ணாடிப் பட்டை இருக்கும்; அதில் ஒட்டிய ஒரு பொட்டுத் தூசிதான் அந்தக் கோடு. லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போய்விடும்.