பினோக்கியோ: 1911-ஆ, 1940-ஆ?

பினோக்கியோ என்ற மரப்பொம்மைப் பையனின் கதையைச் சொல்லும் இந்த இரண்டு படங்களில் எதைப் பார்ப்பது? டிஸ்னியின் 1940 கார்ட்டூன் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வழவழப்பான ஓவியம், பாட்டு, கூடவே புத்திமதி சொல்லும் பூச்சி. சின்னப் பிள்ளைகளோடு பார்ப்பதென்றால் சரி, அதுவே போதும்.

என் ஓட்டு மட்டும் ஜூலியோ அந்தமோரோ 1911-இல் ரோமின் சினெஸ் படநிறுவனத்துக்காக இயக்கிய மௌனப் படத்துக்கே. இப்போது மீட்டெடுத்த பிரதி கிடைக்கிறது. மரப்பொம்மையாக வருபவர் பெர்டினாண்ட் கியோம், பின்னாளில் பொலிடோர் என்று பேர் வாங்கிய சர்க்கஸ் குடும்பத்துக் கோமாளி. வளர்ந்த ஆள்தான், ஆனால் நீள மூக்கோடு அவர் துள்ளும்போது வயது மறந்துபோகிறது.

டிஸ்னியில் திமிங்கிலத்தோடு சாகசம் முடிந்துவிடும். இங்கே கூத்துக்குக் குறைவே இல்லை: செவ்விந்தியர்களிடம் மாட்டுகிறான், கனடாச் சிப்பாய்கள் வருகிறார்கள், கடைசியில் பீரங்கிக் குண்டின்மேல் ஏறிப் பறக்கிறான். இத்தாலிய எழுத்தாளர் கொலோடி எழுதிய மூலக்கதையில் இதெல்லாம் ஏது!