650 ரூவா ஓபிடி ஸ்கேனர், குன்னூர் குளிர்ல ஒரு மாசம் யூஸ் பண்ணேன்

ஆன்லைன்ல வாங்குன இஎல்எம்327 ப்ளூடூத் ஸ்கேனர், தீப்பெட்டி சைஸ்ல நீலக் கலர்ல வருமே அதேதான். ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்க சாக்கெட்ல சொருகுனா, வண்டியோட கம்ப்யூட்டர் சொல்றத ஃபோன்ல காட்டும். எங்களுக்கு குன்னூர், 2014 பெட்ரோல் வண்டி, டிசம்பர் பொறந்தா காலைல ஆறரைக்கு செல்ஃப் அடிச்சா கர்ர் கர்ர்னு சுத்துமே தவிர பத்திக்காது, நாலாவது அடில பிடிச்சாலும் ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால எடுத்தா பொசுக்குன்னு ஆஃப். மத்தியானம் அதே வண்டி ஒரே அடில ஸ்டார்ட். ஒர்க்‌ஷாப்ல பேட்டரி மாத்துனாங்க, பிளக் மாத்துனாங்க, ஆறாயிரம் போச்சு, மறுநாள் அதே கர்ர் கர்ர். அவங்க ஸ்டார்ட் பண்ணிப் பாக்குறதே பதினோரு மணி வெயில்ல, அப்புறம் எங்க தெரியும்.

ஸ்கேனர சொருகி எரர் கோடு தேடுனா ஒண்ணுமே இல்ல, 650 தண்டம்னு நெனச்சேன். சரி லைவ் டேட்டாவும் (சென்சாருங்க அப்பப்ப காட்டுற அளவு) பாப்போம்னு மறுநாள் காலைல ஸ்டார்ட் பண்ணாம சாவிய மட்டும் ஆன் பண்ணிப் பாத்தா, இன்டேக் காத்து (எஞ்சினுக்குள்ள போற காத்து) 9 டிகிரி, கூலன்ட் (எஞ்சின குளிர வைக்கிற தண்ணி) 41 டிகிரி! ராத்திரி பூரா வாசல்ல நின்ன வண்டிங்க, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாதான இருக்கணும்? கூலன்ட் சூட்ட அளக்குற சென்சார் தப்பா சொல்ல, எஞ்சின் வெதுவெதுன்னு இருக்குன்னு நம்பி ஈசியு (வண்டியோட கம்ப்யூட்டர்) பெட்ரோல கம்மியா அடிச்சிருக்கு, பழைய கார்பரேட்டர் வண்டிய சோக் இழுக்காம ஸ்டார்ட் பண்ற மாதிரி. 41ங்கறது நடக்கக்கூடிய நம்பர்தான்ங்கறதால கோடும் விழல, செக் எஞ்சின் லைட்டும் எரியல. வண்டி சூடாயிட்டா சென்சார் கிட்டத்தட்ட சரியா காட்டிடுது, மத்தியானம் தொல்ல இல்லாததுக்கு அதான் காரணம்.

கூலன்ட் சென்சார் 480 ரூவா, தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் மாட்டிக் குடுத்தார். அந்தக் குளிர்லயே ரெண்டையும் பக்கத்துல வச்சு மல்டிமீட்டர்ல பாத்தோம், புதுசு நாலு கிலோ ஓம் (நாலாயிரம் ஓம்) பக்கம், பழசு ஆயிரத்து சொச்சம். சூடு ஏற ஏற இதோட ரெசிஸ்டன்ஸ் குறையும், அதான் பழசு குளிர்லயும் சூடா இருக்குன்னு சொல்லிருக்கு. அடுத்த நாள் முதல் அடிலயே பிடிச்சிருச்சு, வீட்டுல யாரும் நம்பல.

இப்ப குறை. இது டூப்ளிகேட் சிப்தான், பெட்டில 1.5னு போட்டிருக்கு, ஒரிஜினல் கம்பெனி அப்படி ஒரு வெர்ஷனே விட்டதில்ல. செல்ஃப் அடிக்கும்போது கனெக்‌ஷன் கட் ஆகுது, அதனால அப்ப வோல்டேஜ் எவ்ளோ இறங்குதுன்னு இதுல பாக்க முடியாது, அதுக்கு மல்டிமீட்டர்தான். ஐபோன்ல இந்த மாடல் வேலைக்கே ஆகாது. அப்புறம் சொருகியே விட்டுட்டு ஊருக்குப் போயிடாதீங்க, வண்டி நின்னாலும் பேட்டரிய உறிஞ்சிக்கிட்டே இருக்கும், போதாததுக்கு ஏறி இறங்கும்போது முட்டில இடிக்குது.

5க்கு 3.5.