ஒலிமாற்றக் கருவிகள்: எஸ்.சி.ஏ.2, லெக்ஸர்ஜி, பிராசிகா

கற்பனையாகப் படைக்கப்படும் புனைமொழிக்கு ஒரு மூலமொழியை வகுத்து, அதிலிருந்து கிளைமொழிகளைப் பிறப்பிக்க விரும்புவோருக்கு ஒலிமாற்ற விதிகளை எழுதுவது பெரிய வேலையன்று. அவற்றை எந்த வரிசையில் நிறுத்துவது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 'பன்கி' என்றொரு மூலச்சொல்லை எடுத்துக்கொள்வோம். இகரத்துக்கு முன் வரும் ககரம் சகரமாகும் என்பது ஒரு விதி. மெல்லினம் தன்னை அடுத்து நிற்கும் வல்லினத்தின் பிறப்பிடத்துக்கு மாறும் என்பது மற்றொன்று. முதல் விதி முந்தினால் 'பஞ்சி' கிடைக்கும். இரண்டாவது முந்தினால் 'பங்சி' என்று நின்றுவிடும். சொற்பட்டியல் நீளும்போது இதைக் கையால் சரிபார்க்க இயலாது. விதிகளைச் சொற்கள் மீது வரிசையாகச் செலுத்தித் தரும் மென்பொருள்களான ஒலிமாற்றக் கருவிகள் இதற்கே உதவுகின்றன.

மார்க் ரோசன்ஃபெல்டர் உருவாக்கிய எஸ்.சி.ஏ.2 உலாவியிலேயே இயங்குகிறது. மாறும் ஒலி, மாறி வரும் ஒலி, சூழல் ஆகிய மூன்றையும் சாய்கோடுகளால் பிரித்து எழுதினால் விதி தயார். புதியவர் ஒரே அமர்வில் பழகிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு எழுத்து தெரியுமே தவிர ஒலியியல் தெரியாது. மேற்சொன்ன மெல்லின விதியைக் ககரத்துக்கு ஒன்று, சகரத்துக்கு ஒன்று, டகரத்துக்கு ஒன்று என்று தனித்தனியே எழுத வேண்டியிருக்கும். ஒலித்தொகுதிகளுக்கு ஓரெழுத்துப் பெயர்களே இடலாம் என்பதால், பெரிய திட்டங்களில் எது எதைக் குறிக்கிறது என்பதே மறந்துபோகும்.

லெக்ஸர்ஜி இதற்கு நேர்மாறானது. ஒலிகளின் பிறப்பிடம், பிறக்கும் முறை முதலிய கூறுகளை முதலில் அறிவித்துவிட்டால், அதே மெல்லின விதி ஒற்றை வரியில் அடங்கிவிடுகிறது. அசைப்பிரிப்பையும் அழுத்தத்தையும் விதிகளுக்குள் கொண்டுவரலாம். உயிரிசைவு (ஒரு சொல்லின் உயிரொலிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவது) போலச் சொல் முழுதும் பரவும் மாற்றத்தை, இனி மாற ஏதுமில்லை என்னும் நிலை வரும்வரை திரும்பத் திரும்பச் செலுத்தலாம். இவை எல்லாவற்றையும்விட நான் மதிப்பது, தேர்ந்தெடுத்த ஒரு சொல் விதிக்கு விதி எப்படி மாறிற்று என்பதைப் படிப்படியாகக் காட்டும் வசதியை. 'பங்சி' எங்கே பிறந்தது என்பது உடனே தெரிந்துவிடும். எஸ்.சி.ஏ.2 கூட எந்த விதி செயல்பட்டது என்று சொல்லும் என்றாலும், லெக்ஸர்ஜியில் விதிகளுக்குப் பெயர் இருப்பதால் தடம் படிக்க எளிது. தொடங்கும் முன் செய்ய வேண்டிய அறிவிப்புகள் சலிப்பூட்டும் என்பது உண்மைதான். பத்து விதிகளில் முடியும் வேலைக்கு அந்தப் பாடு வீண்.

ஹாஸ்கெல் என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்ட பிராசிகா இடைப்பட்டது. சாய்கோட்டு முறையை வைத்துக்கொண்டே பல எழுத்தால் அமைந்த ஒலிகளையும் நீண்ட தொகுதிப் பெயர்களையும் ஏற்கிறது. சில சொற்களில் மட்டும் நேரும் ஒழுங்கற்ற மாற்றத்தை அப்படியே குறிக்கவும், எம்.டி.எஃப். வடிவ அகராதிக் கோப்பை நேரடியாகக் கையாளவும் முடிவதால், சொற்களை ஏற்கெனவே அகராதியாகத் தொகுத்து வைத்திருப்பவர்கள் இதையே முதலில் முயன்று பார்க்கலாம்.